உழைத்த வண்டிக்கும் ஒரு மரியாதை

(நமது பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற கூட்டத்தில், பட்டறைத் தொழிலாளர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த விழாவில் விசுவாசத்தைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் பேசுவதற்கு அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். நாங்களோ பட்டறைகளில் கை கறுத்துப் பிழைப்பவர்கள். ஸ்பேனரும் சுத்தியலும் பழகிய அளவுக்கு மேடை எங்களுக்குப் பழக்கமில்லை. ஆயினும் எங்களுக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் அன்புடன் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே, சரக்கு ஏற்றி உழைத்து ஓய்ந்துபோன பழைய வண்டி ஒன்றை எவ்வாறு மீட்டெடுப்பது, ஏன் மீட்டெடுக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

யூபிலிக்கும் ஓட்டை வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் புன்னகை செய்யலாம். சம்பந்தம் உண்டு. பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் யூபிலி ஆண்டைப் பற்றிச் சொல்லுகிறது. ஐம்பதாம் ஆண்டு வந்ததும் அடிமைப்பட்டவன் விடுதலை பெற வேண்டும்; விற்கப்பட்ட நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும்; உழைத்த மண்ணுக்கும் ஓய்வு கிடைக்க வேண்டும். எனவே யூபிலி என்பது கொடி, மேளம், வாணவேடிக்கை மட்டுமல்ல. இழந்ததை அதற்குரிய இடத்தில் திரும்ப வைப்பதே யூபிலி. நாங்கள் பேச வந்ததும் அதே காரியத்தைத்தான்.

தொழிலாளர்களின் குருவானவராக விளங்கிய கர்தினால் ஜோசப் கார்டைன் அவர்களை உங்களில் பலர் அறிவீர்கள். பெல்ஜியம் நாட்டில் ஒரு சிறு நிலக்கரி வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். 1925-ஆம் ஆண்டில் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவியவர். அவர் தொழிலாளிகளுக்குக் கற்றுக்கொடுத்த முறை மூன்றே சொற்களில் அடங்கும்: பார், தீர்மானி, செயல்படு. 1961-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் தமது சுற்றுமடலில் இம்முறையைப் பாராட்டி எடுத்துரைத்தார். நாங்களும் அந்த வரிசையிலேயே பேசுகிறோம்.

பார்த்தல்

நமது நெல்லித்தோப்பு உழைப்பாளிகளின் இடம். மார்க்கெட்டும் கடைத்தெருவும் பட்டறைகளும் சூழ்ந்த இடம். புதுவையின் பஞ்சாலைகளை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் நம்மைச் சுற்றிலும் ஏராளம். 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் உரிமை கேட்ட மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானது இந்த ஊரில்தான். அதன் பிறகே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை கிடைத்தது. 1898-இல் தோன்றிய ஏ.எஃப்.டி. மில்லும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது.

மில் ஓடினால் மட்டும் போதுமா? பஞ்சுப் பொதி உள்ளே வர வேண்டும். துணிப் பொதி வெளியே போக வேண்டும். விடியற்காலையில் காய்கறி மார்க்கெட்டுக்கு வந்தாக வேண்டும். ரொட்டி, ஐஸ், சோடா, மீன், அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் வீடு தேடி வந்தாக வேண்டும். இவற்றைச் சுமந்தவை மாட்டு வண்டி, கைவண்டி, சைக்கிள் ரிக்‌ஷா, பிறகு மோட்டார் வண்டி. ஒரு ஊர் உயிரோடிருப்பது இந்தச் சுமை வண்டிகளால்தான். ஆனால் இவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் நமது ஊரில் ‘பூஸ்-பூஸ்’ என்றொரு வண்டி இருந்தது. அதில் துரைமார் அமர்ந்து, முன்னால் உள்ள கைப்பிடியால் திசை திருப்புவார்கள்; பின்னால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டே ஓடுவார். அந்த வண்டியைப் பாரதி பூங்காவுக்கு எதிரில் உள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். வைத்திருப்பது நல்லதே. ஆனால் அதே தெருவில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போன கைவண்டிகள் என்ன ஆயின? பெரும்பாலும் அடுப்புக்கு விறகாயின. ஆளைச் சுமந்தது அருங்காட்சிக்குப் போயிற்று. அரிசியைச் சுமந்தது அடுப்புக்குப் போயிற்று.

மோட்டார் வண்டிகளுக்கும் இதே கதிதான். ஓர் உதாரணம் சொல்லுகிறோம். ‘டெம்போ’ என்ற சொல் நம் அனைவருக்கும் தெரியும். நமது ஊரில் டெம்போ என்றால், பேருந்து நிலையத்திலிருந்து ஆட்களை நெருக்கி ஏற்றிவரும் மூன்று சக்கர வண்டி நினைவுக்கு வரும். மற்ற ஊர்களில் சரக்கு வேன் எதுவானாலும் டெம்போதான். ஆனால் அது ஒரு கம்பெனியின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

ஜெர்மனி நாட்டில் ஹாம்பர்க் என்ற துறைமுக நகரத்தில் ‘விடால் அண்டு சோன்’ என்னும் தொழிற்சாலையார் டெம்போ என்ற பெயரில் சிறு சரக்கு வண்டிகளைச் செய்தார்கள். பெரிய லாரி வாங்க வசதியில்லாத சிறு கடைக்காரனையும் கைத்தொழிலாளியையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அவை. 1949-இல் அவர்கள் வெளியிட்ட மூன்று சக்கர வண்டிக்கு ‘ஹான்சியாட்’ என்று பெயர். ஹான்சா என்பது வடக்கு ஐரோப்பாவின் பழைய வணிக நகரங்களின் கூட்டு. ஹாம்பர்க் அதில் ஒன்று. ஆகவே ஹான்சியாட் என்றால் வணிக நகரத்துக்காரன் என்று பொருள்.

முன்னால் ஒரே சக்கரம், பின்னால் இரண்டு. எஞ்சின் முன் சக்கரத்தின் மேல் அமர்ந்திருக்கும். சங்கிலி வழியாக அந்த ஒற்றைச் சக்கரமே வண்டியை இழுக்கும். ஏறக்குறைய 400 சி.சி. அளவுள்ள, இரட்டைச் சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் நீண்ட தண்டு கிடையாது. ஆகையால் சரக்குத் தட்டைத் தாழ்வாக வைக்க முடிந்தது. மூட்டை ஏற்றுபவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது தோளில் சுமந்தவனுக்குத்தான் தெரியும்.

ஜெர்மனியில் 1956-இல் அந்த வண்டி செய்வதை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் 1958-இல் திரு. என். கே. ஃபிரோடியா அவர்களால் பஜாஜ் டெம்போ கம்பெனி தொடங்கப்பட்டு, விடால் கம்பெனியின் ஒத்துழைப்போடு ஹான்சியாட் இங்கே தயாராயிற்று. பிறந்த நாட்டில் எட்டு ஆண்டுகூட முழுமையாக வாழாத வண்டி, வந்த நாட்டில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. 1969-இல் அதே கம்பெனியிலிருந்து மெட்டடோர் வேன் வந்தது. 2005-இல் கம்பெனியின் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறியது. ஆனால் டெம்போ என்ற சொல் மட்டும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

சொல் நிலைத்தது, வண்டி எங்கே? எஃப்.சி. கிடைக்காமல் நின்றது, ஸ்பேர் கிடைக்காமல் நின்றது, ஓட்டியவர் முதுமையடைந்ததால் நின்றது என்று ஒவ்வொன்றாக நின்றுபோய், பிறகு காயலான் கடைக்கு எடை போடப்பட்டது. தகரம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம். அரை நாளில் காரியம் முடிந்துவிடும். எங்கேனும் வேலிக்குப் பின்னால், கோழி அடையும் கூடாக, ஒன்றிரண்டு மீந்திருக்கலாம்.

பிற இடங்களில் நிலைமை எப்படி? நமது நாட்டிலும் பழைய வண்டிகளைப் போற்றும் வழக்கம் உண்டு. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையார் 1964 முதல் டில்லியில் பழைய கார்களின் ஊர்வலம் நடத்தி வந்திருக்கிறார்கள். மகாராஜாக்களின் கார்களே அங்கு பெரும் புகழ் பெற்றவை. ஆனாலும் உழைத்த வண்டி ஒன்றும் அங்கே எல்லார் கண்ணையும் கவர்ந்தது. 1914-இல் இங்கிலாந்தில் ஜான் மோரிஸ் கம்பெனியார் செய்த தீயணைப்பு வண்டி அது. ஹைதராபாத் நிஜாம் அரசின் ரயில்வேயில் வேலை செய்தது. இப்போது டில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் உடைமை. நூறாண்டு கடந்த வேலைக்கார வண்டியும் ஓடக்கூடும் என்பதற்கு அது சாட்சி.

இங்கிலாந்தில் உழைத்த வண்டிகளுக்கென்றே 1958-இல் ஒரு சங்கம் தோன்றியது. லாரி, பேருந்து, ரொட்டி வேன், பால் வேன் ஆகியவற்றை மீட்டெடுத்து, 1962 முதல் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை ஓட்டி வருகிறார்கள். நமது எண்ணூர் தொழிற்சாலையோடு பெயர் இணைந்த லேலண்டு என்னும் ஊரில், 1983-இல் சரக்கு வண்டிகளுக்கென ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள். ஹான்சியாட் இந்தியாவுக்கு வந்த அதே 1958-இல் அங்கே காப்பதற்குச் சங்கம் கூடினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். நாம் ஓட்டத் தொடங்கிய ஆண்டில் அவர்கள் காக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தீர்மானித்தல்

இனி, பார்த்ததைச் சீர்தூக்கிப் பார்ப்போம். பழைய சரக்கு வண்டியைக் காப்பது நியாயமான காரியமா? பசித்தவனுக்குச் சோறிடாமல் துருப்பிடித்த இரும்புக்குப் பணம் செலவிடலாமா? இந்தக் கேள்வியை எங்கள் வீட்டுப் பெண்களே எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்விதான். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, இது ஆடம்பரமாக இருக்குமானால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கடன் வாங்கியோ, பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணத்தை எடுத்தோ இதில் இறங்கக்கூடாது. ஆனால் இது முக்கியமாகக் கைவேலை. பணத்தைவிடப் பொறுமையைத்தான் அதிகம் கேட்கும். பளபளக்கும் காரை மீட்டெடுக்கப் பணக்காரர் தேவைப்படலாம்; சரக்கு வண்டியை மீட்டெடுக்க ஒரு மெக்கானிக், ஒரு டிங்கர், ஒரு தச்சர், ஒரு லேத்துக்காரர், ஒரு பெயிண்டர் இருந்தால் போதும். இவர்கள் எல்லாரும் நமது கோயில் பெஞ்சுகளில்தானே அமர்ந்திருக்கிறார்கள்?

இரண்டாவது, மனித உழைப்பின் மாண்பு. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ தொழிலாளர் உரிமை குறித்துச் சுற்றுமடல் எழுதினார். 1955-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். 1981-இல் திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல், வேலையின் மதிப்பு செய்த பொருளில் மட்டுமல்ல, செய்த மனிதனில் இருக்கிறது என்று விளக்கினார். 2025-இல் பொறுப்பேற்ற திருத்தந்தையும் அந்த லியோவின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். உழைத்தவனை மறவாதே என்பதுதான் திருச்சபை நமக்குச் சொல்லிவரும் பாடம். வண்டிக்கு ஆன்மா இல்லை. அது நமக்குத் தெரியும். ஆனால் அதன் ஸ்டியரிங்கில் ஓட்டியவரின் கை தேய்ந்த இடம் இருக்கிறது. அதன் தட்டில் மூட்டை இழுத்த கோடு இருக்கிறது. அந்த வண்டியை உருக்கினால் அந்த மனிதனின் சாட்சியும் உருகிவிடும்.

குருத்து ஞாயிறன்று நம் ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைந்தது எதன் மேல் என்று சிந்தியுங்கள். அரசர்களின் குதிரை மேல் அல்ல. இரவல் வாங்கிய கழுதை மேல். கழுதை அந்தக் காலத்துச் சுமை வண்டி அல்லவா? நம் ஆண்டவர் தேர்ந்துகொண்டது சுமக்கும் பிராணியைத்தான்.

மூன்றாவது, சட்டம். இதை இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப்பதிவு முறை ஏற்படுத்தியது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டும் தெருவில் ஓட்டலாம். நல்ல விதிதான்.

ஆனால் எந்த வண்டிகளுக்கு? சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வண்டிகளுக்கும் கார் வகையைச் சேர்ந்த நான்கு சக்கர வண்டிகளுக்கும் மட்டுமே அந்த விதி. சரக்கு லாரி அதில் இல்லை. மூன்று சக்கர டெம்போவும் இல்லை. முதலாளி ஏறிப் போன காருக்கு ஐம்பதாம் ஆண்டில் கௌரவ நம்பர் உண்டு. அந்த முதலாளியின் சரக்கை ஏற்றிப்போன வண்டிக்கு அது இல்லை. இதில் யாருடைய தீய எண்ணமும் இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை. புகை கக்கும் பழைய வாகனங்களைத் தெருவிலிருந்து அகற்றுவது அவசியம். நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று அது. ஆனால் ஆண்டில் ஒரு நாள் ஊர்வலத்தில் ஓடும் ஒரு பழைய சரக்கு வண்டியால் வானம் கறுத்துவிடாது. யூபிலியின் நீதி உழைத்த வண்டிக்கும் எட்ட வேண்டும் என்று உரிய இடத்தில் எடுத்துச் சொல்லுவது நம் கடமை.

நான்காவதாக ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்லுகிறோம். புதுப்பித்தல் வேறு, மீட்டெடுத்தல் வேறு. துருவைச் சுரண்டி, பட்டி போட்டு, கண்ணாடி போல் மினுக்கும் பெயிண்ட் அடித்து, குரோமியப் பட்டை ஒட்டி நிறுத்தினால் அது புதுப்பித்தல். கலியாண மண்டபத்து வாசலில் நிற்க அது உதவும். ஆனால் அந்த வண்டி தன் வாழ்நாளில் ஒருபோதும் அப்படி இருந்ததில்லை. உழைத்த வண்டியை உழைத்த வண்டியாகவே திரும்பக் கொண்டுவருவதுதான் மீட்டெடுத்தல். ஒரு கிழவரின் முகச் சுருக்கத்தை அழித்துவிட்டுப் படம் வரைந்தால் அவருடைய பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியாது அல்லவா?

செயல்படுதல்

இப்போது வேலைக்கு வருவோம். எங்கள் தொழிலில் கண்ட முறைகளை வரிசையாகச் சொல்லுகிறோம். ஹான்சியாட் ஆனாலும், மெட்டடோர் ஆனாலும், பழைய லாரி ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்.

வண்டி கிடைத்ததும் முதல் வேலை, அதைக் கழுவாமல் இருப்பது! எல்லாரும் உடனே தண்ணீர் பைப்பை எடுப்பார்கள். கூடாது. முதலில் நான்கு பக்கமும், உள்ளும் புறமும், அடியிலும் போட்டோ எடுக்க வேண்டும். இருக்கைக்குக் கீழே பழைய டிரிப் சீட்டோ, பெர்மிட் காகிதமோ, ஒரு மாதா சுரூபமோ கிடக்கலாம். எல்லாவற்றையும் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு சேசிஸில் குத்தியுள்ள நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். ஆர்.சி. இல்லாத வண்டியை ஆசைப்பட்டு வாங்கினால் பின்னால் தொல்லைதான். வாங்கும்போதே கைமாறிய விவரத்தை எழுத்தில் பெறுங்கள்.

அடுத்தது, பிரிப்பது. பிரிப்பது எளிது, மாட்டுவதுதான் கடினம். ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டப்பா. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு சீட்டு. எந்த நட்டு எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். அசல் நட்டு போல்ட்டை வீசக்கூடாது. பழைய அளவு நூல் கொண்டவை இப்போது கடையில் எளிதில் கிடைப்பதில்லை.

மூன்றாவது, துரு. நமது ஊர்க் கடற்காற்றில் உப்பு உண்டு. உப்பு ஈரத்தை இழுத்துவைத்து இரும்பைத் தின்னும். மீனும் ஐஸும் ஏற்றிய வண்டியாக இருந்தால் உப்புத் தண்ணீர் தட்டுக்கு அடியில் ஓடி மூலைகளை அரித்திருக்கும். சேசிஸ் முழுவதும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு உயிரோடிருக்கிறது. மொத்தென்று கேட்டால் உள்ளே போய்விட்டது. பட்டி போட்டு மூடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அழுகிய பகுதியை மட்டும் வெட்டி, அதே கனமுள்ள தகட்டைப் பற்றவைக்க வேண்டும்.

நான்காவது, எஞ்சின். பல ஆண்டு நின்ற எஞ்சின் பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருக்கும். முரட்டுத்தனமாகச் சுற்றினால் பிஸ்டனும் ரிங்கும் உடையும். பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றி, சில நாள் காத்திருங்கள். பிறகு கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் விடாதது இரண்டாம் வாரத்தில் விடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் பக்கத்து ஆயில் சீல்களைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அவை காய்ந்துபோனால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் கலவை மெலியும். எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் மறுபடி பிடித்துக்கொள்ளும். இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் கிடங்கு இல்லை. பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் அதற்கு உயிர். கலவையில் கஞ்சத்தனம் கூடாது.

ஐந்தாவது, பிரேக். ஓடுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும். பிரேக்கின் ரப்பர் வாஷர், ஹோஸ் எல்லாம் புதிதாக மாற்றியாக வேண்டும். அசலைக் காப்பது என்ற கொள்கை இங்கே செல்லாது. மனித உயிர்தான் முதலில்.

இங்கே மூன்று எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்லுகிறோம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதக்கூடாது, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. காலியான பெட்ரோல் டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது. உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே டாங்கைப் பற்றவைக்க வேண்டுமானால் அதில் பழகிய ஆளிடமே கொடுங்கள். நமது முந்திய தலைமுறைத் தொழிலாளிகள் இவற்றை அறியாமல் நெஞ்சு நோயோடு போனார்கள். அவர்களை நினைவுகூர வந்த நாம் அவர்களைப் போல் நோய்ப்பட வேண்டியதில்லை.

ஆறாவது, பாடியும் சரக்குத் தட்டும். நமது பக்கத்தில் லாரிகளுக்கு வெறும் சேசிஸ்தான் கம்பெனியிலிருந்து வரும். மீதியை உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் கட்டுவார்கள். நாமக்கல், திருச்செங்கோடு ஊர்களுக்கு லாரி பாடி கட்டுவதில் தனிப் பெயர் உண்டு. இத்தகைய வண்டியில் பாதி மரவேலை. பத்துப் பலகையில் இரண்டு உளுத்திருந்தால் அந்த இரண்டை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பலகையின் அடிப்பக்கத்தில் ஆண்டையும் தச்சரின் பெயரையும் எழுதிவையுங்கள். எது பழையது, எது புதியது என்பதைப் பின்வரும் தலைமுறை அறிய வேண்டும்.

ஏழாவதும் கடைசியுமானது, பெயிண்ட். சரக்கு வண்டிக்கும் காருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். சரக்கு வண்டியின் பக்கவாட்டில் எழுத்து இருக்கும். கடையின் பெயர், சரக்கின் பெயர், மூன்று நான்கு இலக்கத்தில் ஒரு டெலிபோன் நம்பர், ஒரு சிலுவை அல்லது ஒரு சாமி பெயர். கை நடுங்காத பெயிண்டர்கள் தூரிகையால் எழுதிய எழுத்து அது. முழுவதும் சுரண்டினால் போனது போனதுதான். மேல் பூச்சைத் தண்ணீர்த் தாளால் மெல்லத் தேய்த்துக்கொண்டே போனால், ஒரு நிறத்துக்குக் கீழே இன்னொரு நிறம், அதற்குக் கீழே ஒரு பழைய எழுத்து என்று அந்த வண்டியின் சரித்திரமே தெரியவரும். எழுத்து கிடைத்தால் அந்த இடத்தை அப்படியே விட்டு, சுற்றிலும் பொருந்தும்படி பூசுங்கள். முற்றும் அழிந்திருந்தால் போட்டோ பார்த்துக் கையாலேயே எழுதச் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் வெட்டிய ஸ்டிக்கர் இன்று எளிது. ஆனால் கையால் எழுதும் பெயிண்டர்கள் குறைந்துவருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பதும் மீட்டெடுத்தலில் சேர்ந்ததே.

வண்டி தயாரானதும் என்ன செய்வது? மூன்று சக்கர வண்டியாகவோ லாரியாகவோ இருந்தால், மேலே சொன்ன விதியின்படி பழம்பெரும் வண்டியாகப் பதிய முடியாது. பதிவும் எஃப்.சி.யும் இல்லாமல் தெருவில் ஓட்டுவது குற்றம், ஆபத்தும்கூட. ஆகவே போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, எழுத்தில் பதில் பெற்று நடந்துகொள்ளுங்கள். இயலாதபோது, மற்றொரு லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம். பள்ளி வளாகத்தில் நிறுத்தி, எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். தொழிற்பயிற்சி மாணவனுக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடைக்காது. இன்றைய வண்டிகளில் மூடியைத் திறந்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. பழைய வண்டியோ தன் வேலையை எல்லாம் வெளிப்படையாகச் செய்யும்.

அன்பர்களே, எல்லாரும் வண்டி வாங்கி மீட்டெடுக்க முடியாது. அதை நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் எல்லாராலும் முடிந்த மூன்று காரியங்களைக் கேட்கிறோம்.

ஒன்று: உங்கள் வீட்டிலோ, கடையிலோ, தோட்டத்திலோ பழைய சரக்கு வண்டி எதுவாகிலும் கிடந்தால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடும் முன் பட்டறைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மோட்டார் வண்டி மட்டுமல்ல. மாட்டு வண்டி, கைவண்டி, ரொட்டிப் பெட்டி வைத்த சைக்கிள் ஆனாலும் சரி. காப்பதற்கில்லை என்றால் அவரே சொல்லிவிடுவார்.

இரண்டு: வண்டியே போய்விட்டாலும் அதன் பெயர்ப்பலகை, நம்பர் பிளேட்டு, ஆர்.சி. புத்தகம், முன்னால் நின்று எடுத்த போட்டோ ஆகியவற்றை வீசாதீர்கள். போட்டோவின் பின்புறத்தில் ஆண்டும் ஆட்களின் பெயரும் எழுதிவையுங்கள். பெயர் எழுதாத போட்டோ இரண்டு தலைமுறைக்குப் பின் அந்நியர்களின் படமாகிவிடும்.

மூன்று: இதுவே முக்கியமானது. வண்டியை ஓட்டியவர்களும், மூட்டை ஏற்றியவர்களும், பழுது பார்த்தவர்களும் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். பூசை முடிந்ததும் தூணோரம் உட்கார்ந்துவிட்டு மெதுவாக எழுந்து போகும் பெரியவர்களைப் பாருங்கள். எந்த மேட்டில் வண்டி திணறும், எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை, கூலி எவ்வளவு, மழைநாளில் எப்படிச் சமாளித்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது. இளைஞர்களே, உங்கள் கைப்பேசியில் அவர்களுடைய குரலைப் பதிவு செய்யுங்கள். நவம்பர் மாதம் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோகும் முன்னர், உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் போய்க் கேளுங்கள். வண்டிக்கு ஸ்பேர் எங்காவது தேடிச் செய்துகொள்ளலாம். அந்த நினைவுக்கு ஸ்பேர் கிடையாது.

ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்தபின் நம் ஆண்டவர் மீந்த துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை நிறைந்தன என்று வாசிக்கிறோம். நமது பங்கின் இத்தனை ஆண்டு வாழ்விலும் பந்தி பெரிது. மீந்த துண்டுகளும் பல. அவற்றுள் ஒன்றுதான் இந்தச் சுமை வண்டிகளும் அவற்றோடு தேய்ந்த மனிதர்களும். அவற்றைச் சேர்த்தெடுக்க ஒரு கூடையேனும் நாம் கொண்டுவருவோமாக.

தச்சுப் பட்டறையில் உழைத்த புனித சூசையப்பர் நமது பங்கின் தொழிலாளர் குடும்பங்களுக்காக மன்றாடுவாராக. விண்ணேற்பு அடைந்த அன்னை நம் அனைவரையும் காப்பாராக.

மரியே வாழ்க!